கியரைக் குறைத்து வாங்கிய வலு

பெரிய எஞ்சினைச் சின்ன கியர் பாக்ஸ் தாங்கவில்லையென்றால், பல்லைத் தடிமனாக்கி எஃகை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். பந்தயக் கார்களின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடைபட்ட டிரான்ஸ்ஆக்சிலில், வலுவைக் கூட்டியவர்கள் கூடவே வேறொரு வசதியைக் கைவிட்டிருக்கிறார்கள். எதைக் கைவிடுவது என்று தேர்ந்ததில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது.

இங்கிலாந்தின் மெய்டன்ஹெட்டில் சிறு பட்டறை வைத்திருந்த மைக் ஹ்யூலண்ட், 1950-களின் இறுதியில் ஒரு பந்தய அணியின் கியர் பாக்ஸ் கோளாறைச் சரிசெய்யப் போய் இந்தத் தொழிலுக்குள் வந்தார். அவர் கையிலெடுத்தது ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பெட்டி. அது முப்பது சொச்சம் குதிரைத்திறனுக்காகச் செய்தது; ஃபார்முலா ஜூனியர் என்ற பந்தயப் பிரிவின் எஞ்சின்களோ சீக்கிரமே 100-ஐ நெருங்கிவிட்டன. பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். பந்தயக் காரில் அச்சுக்கு முன்னால் உட்காரும். பெட்டியை அப்படியே திருப்பி மாட்டினால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக நான்கும்தான் கிடைக்கும். ஆகவே அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மெக்னீசியக் கூட்டை வைத்துக்கொண்டு, உள்ளிருந்த சாய்பல் கியர்களுக்குப் பதில் நேர்பல் கியர்களை மாட்டினார். சாய்பல் கியர் சுமை ஏறும்போது ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளும். அதையும் பேரிங்கும் கூடும்தான் தாங்கியாக வேண்டும். நேர்பல்லில் அந்தத் தள்ளல் இல்லை, ஆனால் காதைப் பிளக்கும் சத்தம். கியர் மாற்றத்தை மென்மையாக்கும் சிங்க்ரோமெஷுக்குப் பதில், நேரடியாகக் கவ்வும் டாக் கிளட்ச் வந்ததும் கியர் மாற்றம் முரடானது. சாலையில் ஓட்டுகிறவர் இதைப் பொறுக்க மாட்டார், பந்தயக்காரர் கவலைப்படவில்லை. அப்படியும் ஃபார்முலா 1-இன் பெரிய எஞ்சின்களுக்கு டிஜி 300 போன்ற வேறு பெட்டிகளை அவர் செய்ய வேண்டியிருந்தது.

சாலைக் கார்களில் இதைவிடத் துலக்கமான சாட்சி 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போ. சாதாரண 911-க்கே ஐந்து கியர் பெட்டி கிடைத்த காலத்தில், 260 குதிரைத்திறன் கொண்ட அந்த விலையுயர்ந்த வண்டிக்கு நான்குதான். ஒரு கியர் குறைந்தால் மீதி நான்கின் பற்களை அகலமாக வெட்டலாம். டர்போவின் இழுவைக்கு நான்கே போதும், ஐந்தாவது தேவையற்றது என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஜி50 என்ற தடித்த பெட்டி கைக்கு வந்தபின், 1989-இல் அதே டர்போவுக்கு ஐந்து கியர் கொடுத்துவிட்டார்கள்.

இன்றைய எஃகு இந்தக் கணக்கையெல்லாம் பழங்கதையாக்கிவிட்டது என்று சொல்லலாம். பல்லைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் பல் உடையவில்லையென்றால் அதிர்ச்சி அடுத்த உறுப்புக்குப் போகும். ஷாஃப்டுகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ள, கூடு விரியும். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பினியனும் கிரவுன் வீலும் சரியாகப் பதியாமல் ஓரத்தில் மட்டும் சுமை விழும். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவுக்கு நடுவே நாடா சிக்கித் தறி சட்டென்று நிற்கும்போது, சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரின் வேகத்தை பெல்ட் வழுக்கி வாங்கிக்கொள்கிறது. வழுக்கவே விடாமல் இறுக்கினால் அடி கியர் பல்லுக்கும் ஷாஃப்டுக்கும் போய்ச் சேரும். பெட்டியைப் பலப்படுத்தும்போது கிளட்சை எவ்வளவு கெட்டியாக வைப்பது என்பதும் இதே கேள்விதான்.

தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு விடை கண்டவர் கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன். 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினில் ஓடியது. 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாத எஞ்சின். கியரைப் பலப்படுத்தும் தேவையே எழவில்லை. அவர் கைவிட்டது வேகத்தை. இது சிக்கலைத் தீர்ப்பதல்ல, தப்பித்து ஓடுவது என்று குறை சொல்லலாம். இறக்குமதிக்கு உரிமம் கேட்டு அலைந்த அந்த நாட்களில், ஹ்யூலண்ட் பெட்டியை வரவழைப்பதும் தேய்ந்த பல்லுக்கு மாற்று தேடுவதும் எத்தனை இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகியிருக்கும்? மாருதி உதிரிபாகம் ஊருக்கு ஊர் கிடைத்தது. அந்த மெதுவான கார்களில் பழகிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-இல் ஓட்டினார்.