ரீஜன்ட் தெரு விளக்கும் ரை வயலும்: ஹெப்வொர்த்தின் மந்தகதி பற்றி ஒரு மறுவாசிப்பு

பிரிட்டிஷ் இயக்குநர் செசில் ஹெப்வொர்த்தின் ‘கமின் த்ரோ த ரை’ (1923) படத்தை லண்டனில் பார்த்தபோது என்னை நிறுத்தியது அதன் கதை அன்று. பொய்யான திருமண அறிவிப்பால் காதலரைப் பிரிக்கும் சூழ்ச்சி, ஹெலன் மேதர்ஸின் 1875ஆம் ஆண்டு நாவலிலிருந்து வந்தது. என்னை நிறுத்தியது ஷாட்டுகள் முடியும் விதம். ரை வயல் திரையில் நிற்கிறது, கட் வருவதில்லை. படம் மெல்ல மங்கி இருள்கிறது, அடுத்தது மெல்லத் துலங்குகிறது. ஒரே காட்சிக்குள்ளும் சில இடங்களில் இதே முறைதான்.

இதைப் பின்தங்கிய நிலையாகப் படித்தவர் ரேச்சல் லோ. பிரிட்டிஷ் திரைப்பட வரலாற்றின் 1918–1929 தொகுதியில் (1971), ஹெப்வொர்த் முதல் உலகப் போருக்கு முந்தைய முறையிலேயே தங்கிவிட்டவராகத் தெரிகிறார். அவருடைய உழைப்புக்கு நான் கடன்பட்டவன். அந்தத் தொகுதிகள் இல்லாமல் இத்துறையில் யாரும் ஓரடி வைக்க முடியாது. ஆனால் அவர் கையில் இருந்த அளவுகோல் கட். ஷாட்டுகளை ஒட்டி வேகம் கூட்டுவதே சினிமாவின் வளர்ச்சி என்று முதலில் கொண்டால், இப்படி மங்கித் துலங்கும் ஃபேட் குறையாகத்தான் தெரியும். அந்தத் தொடக்கக் கோட்டையே நான் மறுக்கிறேன்.

ஹெப்வொர்த்துக்குக் கட் தெரியாமல் இல்லை. அவர் தயாரித்து, குடும்பத்தோடு நடித்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ (1905) இன்றைய கண்ணுக்கும் விறுவிறுப்பானது. நாய் தெருக்களைக் கடந்து, ஆற்றை நீந்தி, மறுபடி திரும்பி ஓடுவதை அந்தப் படம் ஷாட் ஷாட்டாகத் தொடர்கிறது. பிரதிகளுக்கு அவ்வளவு கிராக்கி. நெகட்டிவ் தேய்ந்துபோய், படத்தையே இருமுறை மீண்டும் எடுத்தார்கள். அதை இயக்கியவர் லூயின் ஃபிட்ஸ்ஹேமன் என்பதால் இது முழுச் சான்றாகாது. ஆனாலும் அந்த வேகம் உருவான கூடம் ஹெப்வொர்த்துடையது. பதினெட்டு ஆண்டு கழித்து அதே மனிதர் மெதுவானால், அதைத் தேர்வு என்றே கொள்ள வேண்டும். திடீர் வெட்டு பார்ப்பவரை உலுக்கும் என்ற கருத்தைத் தன்வரலாற்றிலும் (1951) அவர் விடவில்லை.

இந்த மென்மை எங்கிருந்து வந்தது? ஆண்ட்ரூ ஹிக்சன் 1995இல் இப்படத்தை ஓவியப் பாங்கோடு இணைத்துப் படித்தார். அது சரியே. ஆனால் ஓவியம் காட்சி நிற்கும் விதத்தை விளக்கும். மறையும் விதத்தை விளக்காது. மறைவுக்கு வேறு மூலம் வேண்டும். செசிலின் தந்தை டி. சி. ஹெப்வொர்த் கண்ணாடிப் படங்களைத் திரையில் விழச்செய்யும் மாய விளக்கைக் கொண்டு பேசிய சொற்பொழிவாளர். அவருடைய ‘த புக் ஆஃப் த லாண்டர்ன்’ 1888இல் வந்தது. லண்டனின் ரீஜன்ட் தெரு பாலிடெக்னிக்கில் இத்தகைய விளக்குக் காட்சிகள் லண்டன்வாசிகளைப் பல்லாண்டு கட்டிப்போட்டவை. ஒரு விளக்கின் படம் தணியத் தணிய இன்னொன்றின் படம் எழும்; கோடைக் கிராமம் பனிக்காலக் கிராமமாகும். அதே பாலிடெக்னிக்கில்தான் 1896 பிப்ரவரியில் லூமியேர் படங்களும் பிரிட்டனின் பொதுமக்கள் முன் முதலில் ஓடின. பருவம் மாறி மாறி வரும் ரை வயலில் அந்த விளக்கின் மூச்சு கேட்கிறது என்பது என் வாதம்.

இதன் மெலிந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். விளக்கில் நடப்பது டிஸால்வ், படமும் படமும் கலப்பது. ஹெப்வொர்த்தில் நடப்பது ஃபேட், நடுவே இருள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் பார்வையாளரின் கண்ணை அடுத்த படத்துக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும் நோக்கம் இரண்டிலும் ஒன்றே. கட்டை மட்டும் பார்த்த லோ, இந்தப் பொது நோக்கத்தைத் தவறவிட்டார்.

ஹெப்வொர்த்தின் இந்த ஃபேட் பழக்கம் எப்போது உறுதிப்பட்டது என்பதற்கு ஆண்டு குறிக்க நான் துணியவில்லை. அதைத் தீர்க்கக்கூடிய சான்று, அவரே 1916இல் 1923 படத்தின் நாயகி ஆல்மா டெய்லரையே வைத்து இதே நாவலைப் படமாக்கிய முந்தைய பதிப்பு. 1924இல் நிறுவனம் நொடித்தபோது அவருடைய நெகட்டிவ்கள் விற்கப்பட்டு, விமான இறக்கைக்குப் பூசும் பசைக்காக உருக்கப்பட்டன. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ என்ற மௌனப் படத்தை இழந்த நமக்கு இந்த வெற்றிடம் புதிதல்ல. 1916இல் அந்த வயல் வெட்டுப்பட்டு மறைந்ததா, மங்கி மறைந்ததா என்பதைப் பார்க்க இன்று படம் இல்லை.