பத்துக் கினியும் ஒரு பெயரும்

துப்பறியும் நாவல் என்றால் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் சுளிக்கட்டும். ரப்பர்த் தோட்டங்களும் மணற்குழிகளுமாயிருந்த தெம்பனிஸ் இன்று அடுக்குமாடி நகராகிவிட்டது. ஆயினும் அங்குள்ள வட்டார நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் நிற்கும் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தால், தோட்டத்து லயத்தில் தந்தையார் விளக்கருகே படித்த கதைகளுக்கே வந்து சேருவார். அவ்வாறு பேசிய அன்பர் ஒருவர் நம்மை ஒரு வினா வினவினார். தமிழ்வாணன் 1977இல் மறைந்தார். தேநீர் அருந்தியபடியே துப்பறிந்த சங்கர்லாலும் அவரோடு மறையவேண்டியதுதானா? வேறொருவர் எழுதலாகாதா?

நல்ல வினா. இதே வினா இலண்டனில் முன்பே எழுந்ததுண்டு. அவ்வரலாற்றை முதலிற் காண்போம்.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஸர் ஆர்தர் கானன் டாயில், 1893இலேயே அவனை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விட்டார்களா? 1903இல் அவனை உயிரோடு மீட்டுத் தரவேண்டியதாயிற்று. ஆக நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதிவிட்டு, 1930இல் டாயில் காலமானார்.

பின்னர் அவருடைய காகிதங்களிடையே அச்சேறாத ஹோம்ஸ் கதையொன்று அகப்பட்டது. 1948இல் அமெரிக்கச் சஞ்சிகையாகிய ‘காஸ்மாபாலிட்டன்’ அதனை டாயிலின் கதையென்றே வெளியிட்டது. உலகம் மகிழ்ந்தது. அப்பொழுது ஆர்தர் விட்டேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், அது தாம் எழுதியது என்று அறிவித்தார்! 1911ஆம் ஆண்டளவில் அக்கதையை எழுதி, இருவர் பெயராலும் வெளியிடலாமென்று டாயிலுக்கு அனுப்பியிருந்தாராம். டாயில் கூட்டுக்கு இசையவில்லை. பாத்திரங்களின் பெயரை மாற்றித் தாமே வெளியிட்டுக்கொள்ளலாம் என்றும், கதைக் கருத்துக்காயின் 10 கினி தரலாம் என்றும் மறுமொழி எழுதினார். ஒரு கினியென்பது 21 ஷில்லிங். விட்டேக்கர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். டாயிலோ அக்கருத்தைப் பயன்படுத்தாமலே போட்டுவைத்துவிட்டார். குடும்பத்தார் எளிதில் நம்பினாரில்லை; விட்டேக்கர் டாயிலின் கடிதத்தையே எடுத்துக் காட்டியபின் வாதம் அடங்கிற்று.

இதில் டாயில் மீது குற்றமில்லை. விலைகொடுத்தும் பிறர் கதையைத் தம் பெயரில் அவர் அச்சிட்டாரல்லர். பெரிய பெயரைக் கண்டதும் ஆராயாது வணங்கினோரே பிழை செய்தோர். அப்பிழையால் உழைத்தவன் மறைந்தான். இறந்தவரோ தாம் எழுதாததற்குப் புகழும் இகழும் சுமந்தார்.

1954இல் டாயிலின் மகன் ஏட்ரியனும் ஜான் டிக்ஸன் காரும் ஹோம்ஸைக்கொண்டு 12 புதிய கதைகளை நூலாக்கினர். தங்கள் பெயரை வெளிப்படையாகவே இட்டனர். 2011இல் அந்தோணி ஹாரொவிட்ஸ் நாவல் எழுதியபோதும் அவ்வாறே. பிடித்தவர் படித்தனர், பிடிக்காதவர் பழைய நூலுக்குத் திரும்பினர், ஏமாந்தவர் எவருமில்லை.

நம் வீட்டு நிலை சற்று வெட்கத்துக்குரியது. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்து, துப்பறியும் கோவிந்தனைத் தமிழருக்கு அறிமுகம் செய்தது. அக்காலத்தில் ரெயினால்ட்ஸ் முதலானோரின் ஆங்கிலக் கதைகள் பல, தமிழ்ப் பெயரும் தமிழூரும் பூண்டு வந்தன. நாமும் அவற்றை விரும்பியே படித்தோம், மறுக்கவில்லை. எனினும் மூலம் யாருடையது என்று வாசகன் அறிய வழியில்லாத நூல்களும் அவற்றுள் இருந்தன.

ஆதலின் அன்பருக்கு நாம் கூறியது இது: எழுதலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டு நூலுரிமை நிற்பதால், சங்கர்லாலுக்கு 2037 முடியுமட்டும் உரிமையாளரின் இசைவு வேண்டும். தேநீரை எவரும் ஊற்றிக்கொடுத்துவிடலாம். வாசகனைப் பக்கம் புரட்டவைப்பது வேறு வேலை. அவ்வேலையைச் செய்கிறவர் தம் சொந்தப் பெயரை அட்டையில் இடவேண்டும்.

அன்பருக்கு முழு நிறைவில்லை. தமிழ்வாணன் பெயர் இல்லாத சங்கர்லாலை யார் வாங்குவார் என்றார். விட்டேக்கரின் கதை அவருடைய சொந்தப் பெயரோடு ஹோம்ஸ் தொகுப்பொன்றில் 1985இல் வெளிவந்ததை அவருக்குச் சொன்னோம். அதைக் காண விட்டேக்கர் உயிரோடில்லை.