திறந்த முகத்தின் காலம்: ஐஸ் ஹாக்கி கோல் காவலருக்கு முகக்கவசம் வந்த வரலாறு

ஒரு சாதனம் காலந்தாழ்த்தி வழக்கத்துக்கு வருமானால், அதைச் செய்யும் தொழில்திறன் அதுவரை இல்லாதிருந்தது என்று அனுமானித்துக்கொள்வது நமக்கு இயல்பு. கனடாவிலும் அமெரிக்காவிலும் தொழில்முறையாக ஆடப்படும் ஐஸ் ஹாக்கியில் கோல் காவலர் முகக்கவசம் பூண்ட சரித்திரம் இந்த அனுமானத்துக்கு முற்றிலும் மாறானது. வாட்போர் பயில்வோர் நெடுங்காலமாக வலைமுகமூடி அணிந்து வந்தனர். பேஸ்பால் ஆட்டத்தில் பந்து பிடிப்பவருக்கு 1870-களிலேயே கம்பிக்கூண்டு கிடைத்துவிட்டது. அவற்றைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறிந்திருந்த அதே சமூகத்தில், உறைபனித் தளத்தில் கோலைக் காத்து நின்றவர் மட்டும் 1959-ஆம் ஆண்டின் இறுதிவரை வெற்று முகத்தோடு நின்றார். அவ்வாறு அவரை நிறுத்தியது தொழில்திறனின் குறைபாடன்று, ஓர் அணிக்கு ஒரே காவலர் என்ற சம்பிரதாயமே என்பதும், அச்சம்பிரதாயத்தைத் தகர்க்கும் சக்தியும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

புல்தரை ஹாக்கியையே பெரிதும் அறிந்த நம் வாசகர்களுக்கு ஒன்று கூறவேண்டும். இவ்வாட்டத்தில் பந்து இல்லை. 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் ஏறத்தாழ 6 அவுன்ஸ் எடையும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டொன்றே, 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள கோலை நோக்கி மட்டையால் அடிக்கப்படுகிறது; வன்மையான கைகள் அடிக்கும்போது அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வருவதுண்டு.

ஆதியில் இந்த வட்டுக்கும் காவலரின் முகத்துக்கும் இடையே ஓரளவு தூரம் இருந்தது. அதனைக் காத்தது ஒரு விதி. 1917-இல் தேசிய ஹாக்கி லீக் தோன்றியபோது, காவலர் நின்றபடியே வட்டைத் தடுக்கவேண்டும், வேண்டுமென்று தரையில் விழுந்தால் தண்டனை உண்டு என்பதே முறை. ஆட்டவா அணியின் காவலரான கிளின்ட் பெனடிக்ட், சமநிலை தவறியவர்போல அடிக்கடி முழங்காலிட்டு விழுவதில் வல்லவர். பிரார்த்தனை செய்பவர் என்று எதிரணியின் ரசிகர்கள் அவருக்குப் பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள். விழுந்தது விபத்தா, யுக்தியா என்று நடுவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. லீகின் தலைவரான பிராங்க் கால்டர், தொடங்கிய பருவம் முடிவதற்கு முன்பே, 1918 ஜனவரியில் அவ்விதியைத் திருத்தி, காவலர் எப்படி வேண்டுமானாலும் விழலாம் என்று அனுமதித்தார். கனடாவின் மேற்குக் கரையில் லெஸ்டர் பாட்ரிக்கும் அவர் சகோதரர் பிராங்கும் நடத்திய லீகில் இந்தச் சுதந்திரம் அதற்கு முன்பே வழங்கப்பட்டிருந்தது. அனுமதியின் பயன் என்னவென்று பார்த்தால், காவலரின் கலை வளர்ந்தது, அவருடைய முகம் தாழ்ந்தது. அதாவது, இடுப்பளவில் பறந்து வந்து மார்பில் பட்டிருக்கக்கூடிய வட்டு, முழங்காலிட்டவரின் நெற்றிக்கும் தாடைக்கும் நேரே வரலாயிற்று.

முகம் தாழ்ந்த இக்காலத்திலும், ஓர் அணிக்கு ஒரே காவலர் என்ற வழக்கம் மாறவில்லை. மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் ஜார்ஜ் வெசினா 1910 முதல் பதினைந்து பருவங்கள் ஓர் ஆட்டமும் தவறாமல் நின்று, 1925 நவம்பர் 28 அன்று கடும் ஜுரத்தோடு ஆடத் தொடங்கி, முடிக்க இயலாமல் வெளியேறி, நான்கே மாதங்களில் க்ஷயரோகத்தால் மறைந்தார். சிறந்த காவலருக்கு இன்றும் வழங்கப்படும் பரிசு அவர் பெயரால் விளங்குகிறது. ஓயாது நிற்பவரே உத்தமக் காவலர் என்ற லட்சியம் இத்தகைய வாழ்வுகளிலிருந்து எழுந்தது. அந்த லட்சியத்தின் மறுபுறத்தை 1928 ஏப்ரல் 7-ஆம் நாள் காட்டியது. ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில், மான்ட்ரியால் மரூன்ஸ் அணியின் நெல்ஸ் ஸ்டூவர்ட் அடித்த வட்டு நியூயார்க் ரேஞ்சர்ஸ் காவலர் லார்ன் ஷாபோவின் கண்ணில் பட்டது. மாற்றுக் காவலர் இல்லை. பார்வையாளரிடையே இருந்த வேறொரு தொழில்முறைக் காவலரைப் பயன்படுத்த மரூன்ஸ் இணங்கவும் இல்லை. ஆகவே, நாம் முன்பு குறிப்பிட்ட லெஸ்டர் பாட்ரிக்கே, ரேஞ்சர்ஸின் பயிற்சியாளராக இருந்த அந்த நாற்பத்து நான்கு வயது மனிதரே, காவலரின் அங்கிகளை மாட்டிக்கொண்டு கோலில் நின்று, ஒரே ஒரு கோலை விட்டுக்கொடுத்தார். கூடுதல் நேரத்தில் அவருடைய அணி 2-1 என வென்றது. அந்த வீரத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள், கொண்டாடுவதும் தகும். ஆனால் அந்த நிகழ்ச்சி ஷாபோவின் கண்ணிலிருந்து தொடங்கியது என்பதை ஆராய்வோர் மறத்தலாகாது.

அன்று எதிர்க்கோலில், இப்போது மரூன்ஸ் காவலராக, நின்றவர் கிளின்ட் பெனடிக்ட். இரண்டாண்டுகளுக்குள், 1930 ஜனவரியில், எதிரணி வீரர் ஹோவி மோரன்ஸ் அடித்த வட்டு அவருடைய முகத்தை நொறுக்கியது. பிப்ரவரியில் திரும்பி வந்தபோது அவர் தோலால் செய்த முகக்கவசம் ஒன்றை அணிந்திருந்தார். தேசிய லீக் ஆட்டமொன்றில் காவலர் அணிந்த முதற்கவசம் அதுவே. மூக்கின்மேல் அமைந்த பகுதி பார்வையை மறைத்ததால் சில ஆட்டங்களிலேயே அதை அவர் கைவிட்டார். அப்பருவத்தோடு லீகில் அவருடைய ஆட்டமும் முடிந்தது. காவலரைத் தரைக்கு இறக்கிய அதே மனிதர்தாம் அதன் விளைவைத் தம் முகத்தில் ஏற்று, முதலில் கவசம் தேடினார் என்ற இந்தத் தொடர்பை, இவ்வரலாற்றின் நடுநாடி என்றே நான் கருதுகிறேன். தொழில்முறைக்கு வெளியே முயற்சிகள் இல்லாமற் போகவில்லை: 1927-இல் கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழக மாணவி எலிசபெத் கிரகாம் வாட்போர் முகமூடியோடு ஆடினார், 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பானியக் காவலர் டெய்ஜி ஹோன்மா கவசத்தோடு நின்றார்.

பிறகு ஏறத்தாழ முப்பதாண்டுகள் தேசிய லீகில் மௌனம். காரணம் நுட்பமன்று, எண்ணிக்கை. 1942 முதல் 1967 வரை லீகில் இருந்தவை ஆறே அணிகள். எனவே அந்த லீகில் காவலருக்கு இருந்தவை ஆறே ஸ்தானங்கள். காயத்தால் ஒருநாள் ஒதுங்குபவர் தம் இடத்தில் வேறொருவர் வேரூன்றுவதைக் காணநேரும். கவசம் கேட்பவரோ அஞ்சுபவர் என்று பெயர் எடுப்பார். டெட்ராய்ட் அணியின் டெர்ரி சாவ்சக் கோப்பையை வென்று தந்த பின்னும், 1955-இல் இளையவரான கிளென் ஹாலுக்கு இடம்விட்டுப் பாஸ்டனுக்கு மாற்றப்பட்டதை எல்லாக் காவலரும் கண்டார்கள். அந்த ஹால், 1955 முதல் 1962 நவம்பர் வரை 502 ஆட்டங்களில் ஒன்றிலும் இடையே விலகாமல், கவசமின்றியே நின்றார். இதை ஒப்பாரும் மிக்காரும் இல்லாத சாதனை எனலாம். ஆனால் ஆட்டத்துக்குமுன் அவர் வழக்கமாக வாந்தியெடுத்து வந்தார் என்ற உண்மையையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்கவேண்டும். அச்சம் முகத்தில் தெரியக்கூடாது என்ற கட்டளை, அதனை வயிற்றுக்குள் தள்ளியது. சாவ்சக்கின் முகத்தில் விழுந்த தையல்கள் நானூறுக்கு மேல். அவருடைய பழைய காயங்களையெல்லாம் ஒப்பனைக் கலைஞர் ஒருசேரத் தீட்டிக்காட்ட, 1966-இல் லைஃப் சஞ்சிகை வெளியிட்ட புகைப்படத்தைக் கண்டவர் மனம் பதறாதிருத்தல் அரிது.

இச்சூழலில் தோன்றியவர் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் காவலர் ஜாக் பிளான்ட். கியூபெக் மாகாணத்தில் 1929-இல் பிறந்தவர்; ஆஸ்துமா நோயாளி; தமக்கு வேண்டிய கம்பளிக் குல்லாய்களைத் தாமே பின்னிக்கொள்ளும் பழக்கமுடையவர்; கோலை விட்டுப் பின்புறம் சென்று வட்டைத் தாமே எடுத்து ஆடும் புதுமையைப் பரப்பியவர். பிறர் வழக்கத்தைப் பொருட்படுத்தாத இந்தச் சுபாவம் இல்லாதவரால் அடுத்து நிகழ்ந்தது நிகழ்ந்திராது. பயிற்சியின்போது இருமுறை கன்ன எலும்பு முறிந்ததால், பயிற்சியில் மட்டும் கவசம் அணிய அவருடைய பயிற்சியாளர் டோ பிளேக் இசைந்திருந்தார்; ஆட்டத்தில் அணிந்தால் விழிப்பும் துணிவும் குறையும், காலடியில் கிடக்கும் வட்டு தெரியாது என்பது பிளேக்கின் ஆட்சேபம். இதனிடையே பில் பர்ச்மோர் என்பவர், கண்ணாடி இழைப் பொருள்கள் விற்கும் நிறுவனமொன்றின் ஊழியர், பிளான்டின் முகத்துக்கு வார்ப்பெடுத்து அதன்மீது கண்ணாடி இழைக் கவசமொன்றை உருவாக்கிக் கொடுத்தார். முகத்தை ஒட்டியே படிந்ததால், தோற்கவசத்தைப் போலப் பார்வையை மறைக்கும் குறை அதில் இல்லை.

1959 நவம்பர் 1, நியூயார்க், மாடிசன் ஸ்குவேர் கார்டன். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களில் ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்டின் மூக்கருகே கிழித்தது. இரத்தம் வழிய உள்ளே சென்று தையல் போட்டுக்கொண்ட அவர், கவசமின்றித் திரும்ப இயலாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பிளேக் என்ன செய்வார்? அணியில் வேறு காவலர் இல்லை. அக்கால வழக்கப்படி அரங்கில் அவசரத்துக்கென்று இருந்தவரோ தொழில்முறையாளர் அல்லர். மாற்றாள் இல்லை என்ற எந்த நிர்ப்பந்தம் காவலர்களை நாற்பதாண்டுகள் மௌனமாக நிற்கவைத்ததோ, அதே நிர்ப்பந்தம் அன்றிரவு பயிற்சியாளரின் கையைக் கட்டியது. கவசத்தோடு வந்து நின்ற பிளான்ட் 3-1 என்ற வெற்றியைப் பெற்றுத் தந்தார். காயம் ஆறியதும் கழற்றிவிடுவார் என்று பிளேக் எதிர்பார்த்தார். ஆனால் அணி தோல்வியின்றி வென்றுகொண்டே போகக் கழற்றச் சொல்லும் நியாயம் மறைந்துகொண்டே வந்தது. 1960 மார்ச் 8 அன்று பிளேக்கின் வேண்டுகோளுக்கு இணங்கி வெற்று முகத்தோடு டெட்ராய்ட் அணியை எதிர்த்து ஆடி 3-0 எனத் தோற்றார்; மீண்டும் கவசம் வந்தது. அவ்வாண்டுக் கோப்பைப் போட்டியில் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வென்ற அணியின் காவலர், முகம் மறைத்தவரே. துணிவு குறையும் என்ற வாதத்துக்கு இதனினும் வலிய மறுப்பு எதுவும் வேண்டியதில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். சாவ்சக் 1962-இல் அணிந்தார். மட்டையின் முனையை வளைத்து ஆடும் பழக்கத்தைச் சிகாகோவின் ஸ்டான் மிகிட்டாவும் பாபி ஹல்லும் பரப்பியதால் வட்டின் பாதை முன்னறிய முடியாததாயிற்று என்பதும் இதற்கு ஒரு காரணம். 1965-66 பருவம் முதல் ஒவ்வோர் அணியும் இரு காவலரை ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்று லீக் ஆணையிட்டபோது, பழைய சம்பிரதாயத்தின் அடித்தளமே அகன்றது. பாஸ்டனின் ஜெர்ரி சீவர்ஸ், வட்டு பட்ட இடங்களிலெல்லாம் தையல் கோடுகளைத் தீட்டிய வெண்கவசத்தை அணிந்தார். சாவ்சக்கின் முகம் சுமந்ததை இப்போது கவசம் சுமந்தது. எனக்கு இப்பரிணாமம் முழுவதிலும் இதைவிட உருக்கமான காட்சி வேறில்லை. வெற்று முகத்தோடு இந்த லீகில் கடைசியாக நின்றவர் பிட்ஸ்பர்க் அணியின் ஆண்டி பிரவுன்; ஆண்டு 1974.

கண்ணாடி இழைக் கவசத்திலும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. 1979 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் பெர்னி பேரன்ட் அணிந்திருந்த கவசத்தின் கண்துளை வழியே மட்டையொன்று நுழைய, அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. சோவியத் காவலர் விளாதிஸ்லாவ் த்ரெத்யாக் தலைக்கவசத்தோடு இணைந்த கம்பிக்கூண்டை அணிந்து ஆடியதை வட அமெரிக்கர் 1972-லேயே கண்டிருந்தனர். கண்ணாடி இழையின் உறுதியையும் கம்பிக்கூண்டின் காப்பையும் ஒன்றாக்கும் முயற்சியில் டேவ் டிரைடன் என்ற காவலரும் கவசம் செய்யும் கிரெக் ஹாரிசனும் அந்த எழுபதுகளிலேயே ஈடுபட்டனர். இன்று எல்லாக் கோல்களிலும் காண்பது அவர்கள் வகுத்த வடிவத்தின் வழிவந்ததே.

பிளான்டுக்கும் ஒரு சோதனை மிச்சமிருந்தது. 1970 மே மாதம், நாற்பத்தொரு வயதில், செயின்ட் லூயி அணிக்காக இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் நின்றபோது, பாஸ்டன் வீரர் அடித்த வட்டொன்று வழியில் திசைமாறி அவருடைய நெற்றியில் மோத, கவசம் பிளந்து அவர் நினைவிழந்து விழுந்தார். எதிர்க்கோலில் சீவர்ஸ் இருந்தார். பிளான்டின் அணியிலேயே மற்றொரு காவலராக, 502 ஆட்டங்கள் வெற்று முகத்தோடு நின்ற கிளென் ஹால் இருந்தார், அப்போது அவரும் கவசம் பூண்டிருந்தார். மருத்துவமனையில் கண்விழித்த பிளான்ட், தம் உயிரைக் காத்தது அந்தக் கவசமே என்று கூறினார்.