'மங்கி ஐலேண்ட்' முதல் 'வெண்பா' வரை: பழைய பாயிண்ட் அண்ட் கிளிக் கேம் ரசிகர்கள் இப்போ எதை விளையாடலாம்?

விழுப்புரத்தில் பஸ் ஏறி, வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் தாண்டி புதுச்சேரியில் இறங்குவதற்குள் செல்போனில் ஒரு புதிரை முடித்துவிடலாம். சுட வேண்டாம், ஓட வேண்டாம், ஆன்லைனில் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். திரையில் பூட்டிக் கிடக்கும் கதவை எப்படித் திறப்பது என்று யோசித்தால் போதும்.

1990-களில் கம்ப்யூட்டரில் கேம் விளையாடியவர்களுக்கு இந்த வகை நன்றாகவே தெரியும். பெயர், 'பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வெஞ்சர்'. அன்று ராத்திரி கண்விழித்து விளையாடியவர்கள் பலரும் இன்று 40 வயதைத் தாண்டியிருப்பார்கள். "அந்த மாதிரி கேம் எல்லாம் இப்போ வருதா?" என்பதுதான் அவர்களின் கேள்வி.

வருகிறது. நிறையவே வருகிறது. ஆனால் பழைய ரசிகர்கள் எல்லாருக்கும் ஒரே கேம் பிடிப்பதில்லை. யாருக்கு எது சரிப்படும்? செல்போனில் எது கிடைக்கும்? ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை இதற்குள் எப்படி வந்தது? இதோ விளக்கம்.

பாயிண்ட் அண்ட் கிளிக்னா என்ன?

திரையில் ஒரு காட்சி. அதில் நீங்கள் நடத்தும் கதாபாத்திரம். மேஜை, அலமாரி, சாவி, ஆட்கள் என எதன் மீது கிளிக் செய்தாலும் ஏதாவது நடக்கும். கிடைக்கும் பொருளைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆட்களிடம் பேசித் தகவல் கறக்கலாம். புதிர் அவிழ்ந்தால் கதை நகரும். கைவேகத்துக்கு இங்கே வேலை இல்லை. மூளைக்கும் பொறுமைக்கும்தான் வேலை.

எங்கே தொடங்கியது?

1976-ல் வில் குரோதர் எழுதிய 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' என்ற கேமில் படமே கிடையாது. எழுத்து மட்டும்தான். 1980-ல் ராபர்ட்டா வில்லியம்ஸ், கென் வில்லியம்ஸ் தம்பதி 'மிஸ்டரி ஹவுஸ்' கேமில் கோட்டுப் படங்களைச் சேர்த்தார்கள். இவர்களின் நிறுவனம்தான் பின்னாளில் 'சியரா' ஆனது. 1984-ல் அவர்களின் 'கிங்ஸ் குவெஸ்ட்' வந்தது. அதிலும் கட்டளைகளை டைப் செய்தே ஆக வேண்டும்.

1987-ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'மேனியாக் மேன்ஷன்' இதை மாற்றியது. 'திற', 'எடு', 'கொடு' போன்ற வினைச்சொற்கள் திரையின் அடியிலேயே வரிசையாக இருந்தன. கிளிக் செய்தால் போதும். இதே நிறுவனம் 1990-ல் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட்', 1993-ல் 'டே ஆஃப் தி டென்டகிள்' என அடுத்தடுத்துக் கொடுத்தது. 1993-ல் வந்த 'மிஸ்ட்', யாருமில்லாத தீவில் ஆட்டக்காரரைத் தனியாக விட்டு இன்னொரு பாதையைத் திறந்தது.

அப்புறம் ஏன் காணாமல் போச்சு?

1990-களின் கடைசியில் முப்பரிமாண ஆக்‌ஷன் கேம்கள் சந்தையைப் பிடித்தன. பெரிய நிறுவனங்கள் அட்வெஞ்சர் பக்கம் வருவதைக் குறைத்தன. மங்கி ஐலேண்டைத் தந்த லூகாஸ் ஆர்ட்ஸின் கேம் தயாரிப்புப் பிரிவையே 2013-ல் டிஸ்னி மூடியது.

அதற்கு முந்தைய ஆண்டே காற்று மாறத் தொடங்கியிருந்தது. 2012 பிப்ரவரியில் டிம் ஷேஃபரின் 'டபுள் ஃபைன்' நிறுவனம், அட்வெஞ்சர் கேம் எடுக்க 4 லட்சம் டாலர் வேண்டும் என்று 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் ரசிகர்களிடமே கேட்டது. 87 ஆயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் உருவானதுதான் 'புரோக்கன் ஏஜ்'. இந்த வகைக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

சில புதிர்கள் ஏன் நமக்குப் பிடிபடவே இல்லை?

பழைய கேம்களைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடும் விஷயம் இது. 1991-ல் வந்த 'மங்கி ஐலேண்ட் 2' கேமில் தண்ணீர் பம்பை மூட ஒரு கருவி வேண்டும். விடை என்ன தெரியுமா? வேறு இடத்தில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும் குரங்கைத் தூக்கிக்கொண்டு வந்து, அதையே திருகுக் கருவியாகப் பயன்படுத்த வேண்டும்!

காரணம், அமெரிக்காவில் அந்தக் கருவிக்குப் பெயர் 'மங்கி ரென்ச்'. நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்டில் 'ஸ்பேனர்' என்று கேட்டுப் பழகியவருக்கு இந்தச் சிலேடை எப்படித் தட்டுப்படும்? இங்கிலாந்தில் விளையாடியவர்களே விழித்தார்கள். 'எனக்கு மூளை பத்தலை' என்று அன்று பலர் நினைத்திருக்கலாம். உண்மையில் குறை மூளையில் இல்லை. அந்தப் புதிர் வேறொரு ஊரின் பேச்சு வழக்கில் நின்றது.

ஆகவே புதிய கேமைத் தேடும்போது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய கேமில் நமக்குப் பிடித்தது எது? இந்தக் கேமின் புதிர்கள் எதை நம்பி நிற்கின்றன: ஆங்கிலச் சொல்லையா, கண்ணால் பார்ப்பதையா, நடந்ததைக் கோத்துப் பார்க்கும் அறிவையா?

சிரிப்புதான் முக்கியமா?

மங்கி ஐலேண்ட் வசனங்களுக்காக விளையாடியவர்கள் முதலில் தேட வேண்டியது 2022-ல் வந்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலேண்ட்'. முதல் இரண்டு பாகங்களை உருவாக்கிய ரான் கில்பர்ட்டே திரும்பி வந்து எடுத்தது. எளிது, கடினம் என இரண்டு வகையில் விளையாடலாம். சிக்கிக்கொண்டால் கேமுக்குள்ளேயே குறிப்புப் புத்தகம் உண்டு. அவரே 2017-ல் தந்த 'திம்பிள்வீட் பார்க்', அடியில் வினைச்சொற்கள் வரிசையாக நிற்கும் பழைய பாணியை அப்படியே கொண்டது. இரண்டுமே செல்போனில் கிடைக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் ஓரளவு நல்ல ஆங்கிலம் வேண்டும்.

தனிமையும் மர்மமும் பிடிக்குமா?

'மிஸ்ட்' ரசிகர்களுக்கு அதன் தொடர்ச்சியான 'ரிவன்' 2024-ல் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. எந்திரங்கள், குறியீடுகள், எண்கள் என எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே விளையாட வேண்டிய கேம். கம்ப்யூட்டரில் விளையாடலாம். செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2012-ல் தொடங்கிய 'தி ரூம்' வரிசை பொருத்தம். பூட்டும் ரகசிய அறைகளும் நிறைந்த பெட்டிகளை விரலால் திருப்பி, இழுத்து, அழுத்தித் திறக்க வேண்டும். தொடுதிரைக்கென்றே செய்தது என்பதால் கைக்கு இதமாக இருக்கும்.

துப்பறியும் ஆசை இருக்கா?

1996-ல் வந்த 'புரோக்கன் ஸ்வார்ட்' முதல் பாகம் 2024-ல் 'ரீஃபோர்ஜ்ட்' என்ற பெயரில் புதிய ஓவியங்களோடு திரும்பியிருக்கிறது. கதை அதேதான்.

புது அனுபவம் வேண்டும் என்றால் 2018-ல் லூகாஸ் போப் எடுத்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. ஆண்டு 1807. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று ஆளே இல்லாமல் கரைக்கு வருகிறது. அதில் இருந்த 60 பேரும் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த 60 பேரில் இந்திய மாலுமிகளும் உண்டு. உடை, படுக்கை எண், பேச்சு என எல்லாமே தடயம். இது செல்போனில் இல்லை.

இதே வழியில் 2022-ல் வந்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' நெட்ஃபிளிக்ஸ் வழியாகச் செல்போனுக்கும் வந்தது. உறைந்து நிற்கும் கொலைக் காட்சியைப் பார்த்து, 'யார், யாரை, எதனால், ஏன்' என்ற கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். இங்கே குருட்டாம்போக்கில் கிளிக் செய்து தப்பிக்க முடியாது.

கனமான கதை வேண்டுமா?

நியூயார்க்கின் 'வாட்ஜெட் ஐ கேம்ஸ்' நிறுவனம், பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிய காலத்திலும் இந்த வகையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் மறைந்த உலகில் ரோபோக்கள் மட்டும் வாழும் 'பிரிமோர்டியா' (2012), நியூயார்க்கில் நடக்கும் மாயக் கதையான 'அன்அவௌட்' (2018), ஆங்கிலேயக் கிராமம் ஒன்றின் திகில் கதையான 'தி எக்ஸ்கவேஷன் ஆஃப் ஹாப்ஸ் பேரோ' (2022) ஆகியவை நல்ல தொடக்கம். மூன்றிலும் வாசிப்பு அதிகம்.

ஆங்கிலம் தடையா இருக்கா?

அப்படியானால் செக் நாட்டின் 'அமானிடா டிசைன்' பக்கம் போகலாம். 2009-ல் வந்த 'மெஷினேரியம்' கேமில் வசனமே கிடையாது. துருப்பிடித்த நகரத்தில் ஒரு சின்ன ரோபோ. அதன் நினைவுகள் தலைக்கு மேலே குமிழிப் படங்களாக வரும். கதை அதிலேயே புரிந்துவிடும். இவர்களின் 'பொட்டானிகுலா', 'சமோரோஸ்ட் 3' ஆகியவையும் பேச்சில்லாமல் நடப்பவைதான். மூன்றுமே ஆண்ட்ராய்டில் உண்டு.

2017-ல் வந்த 'கொரகோவா' இன்னும் விசித்திரம். கையால் வரைந்த நான்கு படக் கட்டங்களை நகர்த்தி, அடுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தினால் கதை நகரும். எழுத்தே தேவையில்லை. எட்டாவது படிக்கும் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்தே விளையாடலாம்.

இதில் தமிழர்களுக்கு என்ன இருக்கு?

2023 ஜூலையில் வந்த 'வெண்பா'. கனடாவின் டொரான்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' தயாரிப்பு. இது முழுக்க பாயிண்ட் அண்ட் கிளிக் வகை அல்ல, கதையும் சமையலும் கலந்தது. ஆனால் அதன் புதிர்கள் பழைய அட்வெஞ்சர் ரசிகருக்கு நன்கு பழகிய வகைதான்.

1980-களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன் தம்பதி, அவர்களின் மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு சிதைந்திருக்கிறது. பல இடங்களில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. மிச்சம் இருப்பதைப் பார்த்து, விட்டுப்போனது என்ன என்று கண்டுபிடித்து சமைக்க வேண்டும். அதுதான் புதிர்.

முதலில் வருவது இட்லி. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது? குழிக்கு நேர் மேலே குழி வந்தால் ஆவி போகாது, இட்லி நசுங்கும். மேல்தட்டைக் கொஞ்சம் திருப்பி, குழியும் ஓட்டையும் மாறி மாறி வரும்படி வைக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் நின்று யோசிக்கும் இந்த இடத்தை, கண்டமங்கலத்தில் தினமும் இட்லிப் பானை ஏற்றும் எந்த அம்மாவும் நொடியில் தாண்டிவிடுவார். 1991-ல் 'மங்கி ரென்ச்' முன்னால் நாம் விழித்தோம். 2023-ல் இட்லித் தட்டு முன்னால் உலகம் விழித்தது.

வளர்ந்த கவின் அதே நோட்டை எடுக்கும்போது கதை வலிக்கத் தொடங்குகிறது. அவனுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வரவில்லை. அம்மா சமைத்த சாப்பாட்டின் ருசி நாக்கில் இருக்கிறது, குறிப்பு கையில் இருக்கிறது, நடுவில் மொழி நிற்கிறது. வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2024-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன கேம் விழாவில் 'வெண்பா' முதன்மைப் பரிசை வென்றது. அதே ஆண்டு சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. கம்ப்யூட்டர், நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் விளையாடலாம். ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

காசு செலவழிக்காமல் விளையாட முடியுமா?

முடியும், அதுவும் சட்டப்படி. 2001-ல் தொடங்கிய 'ஸ்கம் வி.எம்.' என்ற இலவச மென்பொருள், பழைய கேம்களை இன்றைய செல்போனிலும் ஓட வைக்கிறது. கேம் ஃபைல் மட்டும் நம்மிடம் முறைப்படி இருக்க வேண்டும். 1994-ல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' கேமை அதன் உரிமையாளர்களே 2003-ல் இலவசமாக்கிவிட்டார்கள். அங்கிருந்து தொடங்கலாம். நெதர்லாந்தின் 'ரஸ்டி லேக்' குழு தரும் 'கியூப் எஸ்கேப்' வரிசையிலும் பல பகுதிகள் செல்போனில் இலவசம். அது கொஞ்சம் திகில் வகை. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* மெஷினேரியம், கொரகோவா, தி ரூம் போன்றவை காசு கொடுத்து வாங்கும் கேம்கள். 'இலவச மோட் ஏபிகே' என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட வேண்டாம். வங்கிக் கணக்கு இருக்கும் அதே போனில் தெரியாத ஆப்பை ஏற்றுவது ஆபத்து.

* கம்ப்யூட்டரில் 'ஸ்டீம்' தளம் வழியாக வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

* வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துவிட்டு, ஒருமுறை நெட்டை அணைத்துத் திறந்து பாருங்கள். ஓடினால் பஸ்ஸில் சிக்னல் போனாலும் கவலையில்லை.

ஸ்டக் ஆயிட்டா என்ன பண்றது?

உடனே யூடியூப்பில் விடை தேட வேண்டாம். போனை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பாதிப் புதிர்கள் மறுநாள் காலையில் தானாக அவிழும். அப்படியும் முடியாவிட்டால் கேமுக்குள் இருக்கும் குறிப்பைத் திறக்கலாம், தப்பே இல்லை. அதற்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் திரையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். இட்லித் தட்டு மாதிரி, விடை சில நேரம் சமையலறையிலேயே இருக்கும்.