கோலைத் தாழ்த்து: ஒரே யோசனை, ரெண்டு காரணம்

இந்த எபிசோடுக்குக் காரணம் நான் கோட்டைவிட்ட ஒரு மீன். டெக்சாஸ்ல மச்சானோட ஏரிக்குப் போயிருந்தேன். நல்ல பாஸ் ஒண்ணு மாட்டுச்சு. தண்ணிக்கு மேல எம்பி, வாயை அகலமா திறந்து, தலையை ரெண்டு உதறு. போலி மீன் ஒரு பக்கம் பறந்துச்சு, பாஸ் இன்னொரு பக்கம் விழுந்துச்சு. "கோலைத் தாழ்த்துங்கன்னு கத்தினேனே மாப்ள"ன்னார் மச்சான்.

இதே யோசனை பழைய தூண்டில்காரர்களிடமும் உண்டு. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் நேர் எதிர்.

அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு மரியாதை வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர். பாஸுக்காகவே அவர் எழுதிய தடிமனான புத்தகம் 1881-ல் சின்சினாட்டியில் வந்தது. அப்போது நரம்பு என்றால் பட்டு நூல். பிடித்து முடித்ததும் காய வைக்கணும், இல்லன்னா மக்கிடும். முள்ளுக்கு மேலே பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து இழுத்த இழை. சுருளை அடக்கப் பெரும்பாலும் விரலால் அழுத்துவார்கள். இறுக்கமான நூல் மேல மீன் விழுந்தா நூல் போச்சு. அதனால் சால்மன், டிரவுட் பிடித்தவர்கள் மீன் துள்ளும்போது கோலைத் தாழ்த்தி நூலைத் தளர விட்டார்கள். மீன் தண்ணீரில் விழுந்ததும் மறுபடி இறுக்கினார்கள்.

அப்புறம் நைலான் வந்தது. டூபான்ட் 1938-ல் அறிவித்த பொருள். நம்ம ஊர் தங்கூசியும் அதுதான். நரம்பு பலமாச்சு. கூடவே மூணு முள் சேர்ந்த கொக்கி தொங்குற கனமான போலி மீன்களும் பெருகின. இப்ப அறுந்துபோறது நரம்பு இல்ல, முள் பிடிச்ச இடம். பாஸோட வாயோரம் மெல்லிய தோல். போராடப் போராட ஓட்டை பெரிசாகும். தண்ணீருக்குள் தலையை உதறினால் தண்ணீரே தடுக்கும். காற்றில் தடுக்க எதுவுமில்லை. போலி மீனின் கனம் சுத்தியல் மாதிரி ஆடி முள்ளைக் கழற்றிடும். அங்கே தளர்வு கொடுத்தா நாமளே கழட்டி விட்ட மாதிரி.

1967-ல் ரே ஸ்காட் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் போட்டி நடத்தினார். 106 பேர், தலைக்கு 100 டாலர் கட்டணம். இப்படிப் பணம் புகுந்த பிறகு, துள்ளித் தப்பும் மீன் வெறும் வருத்தக் கதையாக இல்லை. துள்ளவே விடக்கூடாது என்பதுதான் இப்போதைய எண்ணம். நரம்பு மேல்நோக்கி எழ ஆரம்பிச்சா மீன் எம்பப் போகுதுன்னு அர்த்தம். உடனே கோல் நுனியைத் தண்ணிக்குள்ளயே இறக்கி, பக்கவாட்டில் இழுத்து, விடாமச் சுத்தணும்.

ஆக, அன்று தாழ்த்தியது தளர்த்துவதற்கு. இன்று தாழ்த்துவது இறுக்கத்தை விடாமல் இருப்பதற்கு. நான் பழைய புத்தகங்களைப் படிச்சிட்டுப் போனவன். மச்சான் கத்தினதும் சரியா கோலைத் தாழ்த்தினேன், நரம்பையும் தளர விட்டேன். மச்சானுக்கு இன்னும் இதைச் சொல்லல.