முட்டாள் பறவையின் முகவரி

ஒரு பறவையின் வீடு எது? அது முட்டையிடும் இடமா, இரை தேடும் இடமா? சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குத் தவறான விடை சொன்னதால், உயிரோடு இருந்த ஒரு பறவை இனம் அழிந்துவிட்டதாகவே எழுதப்பட்டது. அதுதான் குட்டைவால் ஆல்பட்ராஸ்.

அடையாளம் காண்பது எப்படி?

ஆல்பட்ராஸ்களில் பெரும்பாலானவை தெற்குக் கடல்களில் வாழ்பவை. வட பசிபிக்கில் இருப்பவை லேசான், கருங்கால், குட்டைவால் என்ற மூன்று வகைகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இவற்றில் பெரியது குட்டைவால். இறக்கையை விரித்தால் 2 மீட்டருக்கும் மேல் நீளும். வளர்ந்த பறவைக்கு வெள்ளை உடல், பொன்மஞ்சள் தலை, இளஞ்சிவப்பு அலகு, அலகின் நுனியில் வெளிர் நீலம். இளம் பறவையோ உடல் முழுவதும் கரும்பழுப்பு! கருங்கால் ஆல்பட்ராஸ் என்று எளிதில் ஏமாந்துவிடலாம். அலகின் இளஞ்சிவப்புதான் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பீட்டர் சைமன் பல்லாஸ். ஆண்டு 1769. ஜப்பானியர் வைத்த பெயர் 'அஹோதோரி', அதாவது முட்டாள் பறவை. காற்றில் மணிக்கணக்கில் இறக்கை அசைக்காமல் மிதக்கும் பறவைக்கு ஏன் இந்தப் பெயர்? தரையில் அது மனிதனைக் கண்டு பயப்படாது. பறக்க வேண்டுமானால் சிறிது தூரம் ஓட வேண்டும். அதற்குள் தடியால் அடித்துவிடலாம். நம்பியதற்குக் கிடைத்த பட்டம் அது.

இறகுக்காக ஒரு படுகொலை

டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் தோரிஷிமா என்ற எரிமலைத் தீவு உள்ளது. இந்தப் பறவைகள் பெருங்கூட்டமாக முட்டையிட்ட இடம் இதுதான். 1887-ல் தமாஓகி ஹானெமோன் என்ற வணிகர் அங்கே ஆட்களைக் குடியேற்றி இறகு வியாபாரம் தொடங்கினார். மெத்தைக்கும் தலையணைக்கும் இறகு தேவைப்பட்டது. அடுத்த 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 50 லட்சம் பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

1902 ஆகஸ்டில் எரிமலை வெடித்தது. தீவில் இருந்த 125 பேரும் இறந்தார்கள். பறவைகள் அப்போது அங்கே இல்லை. அக்டோபரில் வந்து முட்டையிட்டு, மே மாதவாக்கில் கடலுக்குப் போய்விடுவது அவற்றின் வழக்கம். ஆனால் மனிதர்கள் மீண்டும் குடியேறினார்கள், வேட்டையும் தொடர்ந்தது. 1933-ல் தடை வந்தபோது மிஞ்சியிருந்தவை மிகக் குறைவு. 1939-ல் எரிமலை மறுபடியும் வெடித்தது.

1949-ல் ஆலிவர் ஆஸ்டின் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் கப்பலில் வந்து தீவைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பறவைகூடத் தென்படவில்லை. இனம் அழிந்திருக்க வேண்டும் என்று எழுதினார்.

கடல் காப்பாற்றியது

1951 ஜனவரியில் தீவின் வானிலை ஆய்வு நிலைய ஊழியர் ஒருவர் ஒரு சரிவில் பத்துப் பறவைகள் அளவில் இருப்பதைக் கண்டார். எங்கிருந்து வந்தன?

விடை அவற்றின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. கூட்டை விட்டுப் பறந்த குஞ்சு பல ஆண்டுகள் கரைக்கே திரும்புவதில்லை. பெரிங் கடல், அலூஷியன் தீவுகள், அலாஸ்கா என்று வட பசிபிக் முழுவதும் சுற்றுகிறது. தீவில் தடியோடு நின்றவன் கையிலும், தீவைச் சுற்றிவந்த ஆய்வாளர் கண்ணிலும் இந்த இளம் பறவைகள் படவில்லை. தீவு அவற்றுக்குப் பிரசவ வீடு மட்டுமே. முகவரி கடல்தான்.

1970களின் இறுதியில் ஹிரோஷி ஹசேகாவா என்ற ஆய்வாளர் தீவுக்கு வரத் தொடங்கினார். சாம்பல் மண் சரிந்து முட்டைகள் உருண்டு போவதைத் தடுக்கப் புல் நடப்பட்டது. பிறகு பாதுகாப்பான வேறொரு சரிவில் பொம்மைப் பறவைகளை வைத்து, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டார்கள். நிஜப் பறவைகள் வந்து இறங்கின! எரிமலை வெடித்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடக் கூடாது என்று 2008 முதல் 2012 வரை 70 குஞ்சுகள் முக்கோஜிமா தீவுக்குக் கொண்டுபோய் வளர்க்கப்பட்டன. இன்று மொத்த எண்ணிக்கை ஐந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஒரு பெயர், இரண்டு பறவைகள்

கதை இதோடு முடியவில்லை. சென்காகு தீவுகளிலும் இதே பறவை முட்டையிடுகிறது. ஜப்பானின் கட்டுப்பாட்டில் இருக்கும் இத்தீவுகளுக்குச் சீனாவும் தைவானும் உரிமை கோருவதால் ஆய்வாளர்கள் அங்கே இறங்குவதே கடினம். ஆனால் அங்கே பிறந்த சில பறவைகள் தோரிஷிமாவுக்கு வந்து தங்கின. அவற்றை அளந்து பார்த்தபோது உடல் சிறியது, அலகு ஒப்பீட்டில் நீளமானது என்று தெரிந்தது. ஜோடி சேரும்போதும் பெரும்பாலும் தம் வகையையே தேடின. மரபணுவும் வேறுபட்டது. இவை இரண்டு தனி இனங்கள் என்று மசாகி ஏடாவின் குழு 2020-ல் எழுதியது.

1951-க்குப் பிறகு எண்ணியதெல்லாம் ஒரே இனம் என்ற கணக்கில்தான். தோரிஷிமாவில் எண்ணிக்கை பெருகுவதைப் பார்த்து நிம்மதி அடைந்தால், எண்ண முடியாத தீவில் இருக்கும் மற்றொன்று கண்ணுக்குத் தெரியாமலே குறைந்துபோகலாம். முதல் முறை பறவை எங்கே வாழ்கிறது என்று தெரியாமல் தவறு நேர்ந்தது. இரண்டாம் முறை அது எந்தப் பறவை என்று தெரியாமல் நேர இருந்தது.

முட்டாள் என்ற பெயர் மட்டும் இன்னும் அந்தப் பறவைக்குத்தான் இருக்கிறது.