ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டர் பக்கத்தில் நிற்பவர் யார்? உதவியாளர்களுக்கும் பதிவு கட்டாயம்

"ஊசி போட்டாங்க, அப்புறம் ஒண்ணுமே தெரியல..." ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புபவர்கள் சொல்வது இதுதான்.

அந்த ஒண்ணுமே தெரியாத நேரத்தில் நோயாளியின் மூச்சு மயக்க மருந்து டாக்டரின் கையில். அவருக்கு பக்கத்திலேயே நிற்பவர் மயக்கவியல் டெக்னீஷியன். இவர் என்ன படித்தவர் என்று யாரும் கேட்பது இல்லை.

ஆபரேஷனுக்கு முன்பே இவரது வேலை ஆரம்பித்து விடும். மயக்க மருந்து மெஷினில் கசிவு இருக்கிறதா, ஆக்சிஜன் போதுமா, தொண்டையில் குழாய் போட உதவும் கருவியில் பல்பு எரிகிறதா, சளி உறிஞ்சும் மெஷின் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக பார்க்க வேண்டும்.

சிலிண்டர்களில் வழக்கமாக கறுப்பு உடம்பு, வெள்ளை கழுத்து என்றால் ஆக்சிஜன். நீல நிறம் என்றால் நைட்ரஸ் ஆக்சைடு. இரண்டும் இடம் மாறினால் உயிருக்கே ஆபத்து. அப்படி மாற்றி மாட்ட முடியாதபடி மெஷினில் முனைகளும், சிலிண்டரில் அதற்கேற்ற துளைகளும் வைத்து இருக்கிறார்கள். ஆனால் அந்த முனை உடைந்து கிடந்தால்? அதை கண்டுபிடிக்க படித்த ஆள் வேண்டுமே!

மருந்தின் அளவை முடிவு செய்து மயக்கம் கொடுப்பது டாக்டர்தான். டெக்னீஷியன் தனியாக கொடுக்க கூடாது. (அமெரிக்காவில் சில மாநிலங்களில் முதுகலை பட்டம் பெற்ற உதவியாளர், டாக்டரின் மேற்பார்வையில் மயக்க மருந்தே கொடுக்கலாம். அங்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.)

ரூ.50 ஆயிரம் அபராதம்

டாக்டர்களுக்கும், நர்சுகளுக்கும் கவுன்சில் பதிவு உண்டு. இவர்களுக்கு நாடு முழுவதும் பொதுவான பதிவு முறை இல்லாமல் இருந்தது. 2021-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் நிறைவேறிய துணை மருத்துவ பணியாளர்கள் ஆணைய சட்டத்தில் மயக்கவியல் உதவியாளர்களும் சேர்க்கப்பட்டனர்.

இதன்படி மாநில கவுன்சில் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் பதிவு பெற்றதாக சொல்லிக்கொண்டால் முதல் முறை ரூ.50 ஆயிரம் வரை அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் பல மாநிலங்கள் கவுன்சில் அமைக்காமல் இழுத்தடித்தன. இதனால் 2024 ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, அக்டோபர் 12-ந் தேதிக்குள் சட்டத்தை அமல்படுத்த கெடு விதித்தது.

பெற்றோர் கவனிக்க

இந்த சட்டம் கேட்கும் படிப்பு குறைந்தது 2 ஆயிரம் மணி நேரம். அதுவும் 2 முதல் 4 ஆண்டுகளில் படித்து இருக்க வேண்டும். "6 மாசத்துல தியேட்டர் வேலை" என்று போஸ்டர் பார்த்து பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவ பல்கலைக்கழகத்தின் கீழ் ஆபரேஷன் தியேட்டர்-மயக்கவியல் தொழில்நுட்ப பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது.

ஆபரேஷனுக்கு கையெழுத்து கேட்கும்போது, மயக்கம் கொடுக்கப்போகும் டாக்டர் யார், உடன் இருப்பவர் என்ன படித்தவர் என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்பதில் தப்பே இல்லை.